ஜேம்ஸ் ஹில் அமைத்த இருப்புப்பாதை

இருப்புப்பாதை என்றதும் நமக்கு அரசின் நினைவே வருகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அது தனியார் கம்பெனிகளின் கையில் வளர்ந்தது. அதனை வளர்த்தவருள் முன்வரிசையில் நிற்பவர் ஜேம்ஸ் ஜெரோம் ஹில்.

இவர் 1838-இல் கனடாவின் ஒன்டாரியோ பகுதியில் பிறந்தார். சிறுவயதில் அம்பு பட்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். தந்தை மறைந்தபின் படிப்பும் நின்றது. 1856-இல், பதினேழாம் வயதில், மினசோட்டாவின் செயின்ட் பால் நகருக்கு வந்து, நீராவிப் படகுத் துறையில் கணக்கெழுதும் குமாஸ்தா ஆனார். சரக்குப் போக்குவரத்தின் நுட்பங்களை அங்கே கற்றார்.

1878-இல், நொடித்துக் கிடந்த ஓர் இருப்புப்பாதையை நண்பர்களுடன் கூடி வாங்கினார். அதனை மேற்கே நீட்டி, 1893-இல் பசிபிக் கரையிலுள்ள சியாட்டில் நகரை எட்டினார். பிற கம்பெனிகள் சில, மத்திய அரசு வழங்கிய நிலமானியத்தை நம்பிப் பாதை அமைத்தன. ஹில்லின் மேற்குப் பாதைக்கு அம்மானியம் இல்லை. சரக்கு வருமானமே துணை. ஆதலால் ஏற்றம் குறைந்த வழியையே அவர் நாடினார். ராக்கி மலைத்தொடரைக் கடக்க ஏற்ற மரியாஸ் கணவாயை, 1889 டிசம்பரின் கடுங்குளிரில், ஜான் ஸ்டீவன்ஸ் என்னும் பொறியாளர் ஆராய்ந்து உறுதி செய்தார். உழவர் செழித்தாலன்றி வண்டிக்குச் சரக்கில்லை என்றறிந்த ஹில், அவர்களுக்கு உயர்ரகக் காளைகளை இலவசமாக அளித்தார்.

1893-இன் பொருளாதார நெருக்கடியில் யூனியன் பசிபிக், நார்தர்ன் பசிபிக் முதலிய பெருங்கம்பெனிகள் நொடித்தன. ஹில்லின் கிரேட் நார்தர்ன் நிலைத்து நின்றது.

அச்சிக்கனத்தின் சுமையைத் தொழிலாளரும் தாங்க நேர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. அவர்தம் கூலி மீண்டும் மீண்டும் குறைக்கப்பட்டது. 1894 ஏப்ரலில், யூஜின் டெப்ஸ் தலைமையில் பதினெட்டு நாள் வண்டிகள் நின்றன. இறுதியில், நகர வணிகர்கள் கொண்ட நடுவர் குழு தொழிலாளரின் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை ஏற்றது.

1901-இல் ஹில், மார்கன் முதலியோர் போட்டிப் பாதைகளை ஒரே கம்பெனியின்கீழ்க் கொணர்ந்தனர். 1904-இல் உச்சநீதிமன்றம் அதனைக் கலைக்கத் தீர்ப்பளித்தது. 1916-இல் ஹில் மறைந்தார். அவர் விரும்பிய இணைப்பு 1970-இல் சட்டப்படியே நிறைவேறியது.

'பேரரசை அமைத்தவர்' என்னும் அவரது சிறப்புப் பெயரைத் தாங்கிய பயணவண்டி 1929-இல் தொடங்கியது. 1971 முதல் அதனை நடத்துவது ஆம்ட்ராக் என்னும் பொதுத்துறை நிறுவனம். தனியொருவர் கணக்கில் எழுந்த பாதையில் இன்று அரசின் துணையோடு பயணிகள் செல்கின்றனர். அமைத்தவர் எவராயினும், பாதை இறுதியில் மக்களுக்கே உரியது என்பது நாம் இவ்வரலாற்றில் காணும் உண்மை.