பார்லித் தண்ணீரில் பிறந்த 'பஃபர்'

வீட்டிலேயே பியர் காய்ச்சுவது அமெரிக்கா, பிரிட்டன் பக்கம் பெரிய பொழுதுபோக்கு. அதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தண்ணீரின் பிஎச் அளவைச் சரிசெய்ய பாஸ்பேட் கலந்த பஃபர் பொடி ஒன்றைப் போடுகிறார்கள். போட்டால் 5.2-ல் நின்றுவிடும் என்று நம்பிக்கை. ஆனால் பலருக்கு நிற்பதில்லை. ஏன் என்று தேடப் போனேன். கடைசியில் பார்த்தால், பஃபர் என்ற கருத்தே பியர் காய்ச்சும் மால்ட்டிலிருந்துதான் வந்திருக்கிறது!

முதலில் கொஞ்சம் பின்னணி. முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை உடைத்து, சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறவைப்பார்கள். இதற்கு மாஷ் என்று பெயர். மால்ட்டில் இருக்கும் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் கட்டம் இது. பிஎச் 5.2 முதல் 5.6 வரை இருந்தால் இந்த வேலை நன்றாக நடக்கும்.

1900-ல் பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஃபெர்ன்பாக், ஹூபெர்ட் என்ற இருவர் மால்ட் என்சைமை ஆராய்ந்தார்கள். அந்தச் சாற்றில் அமிலம் ஊற்றினாலும் காரம் ஊற்றினாலும் அது லேசில் அசைந்து கொடுக்கவில்லை. காரணம், மால்ட்டில் இயற்கையாகவே இருக்கும் பாஸ்பேட்கள். இந்தக் குணத்துக்கு அவர்கள் சொன்ன உவமை 'தாம்போன்'. ரயில் பெட்டிகளின் முனையில் இடியைத் தாங்க உருண்டைத் தட்டு இருக்குமே, அதற்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். ஆங்கிலத்தில் பஃபர். நாம் பள்ளியில் 'தாங்கல் கரைசல்' என்று படித்ததும் இதைத்தான்.

அடுத்த கட்டம் கோபன்ஹேகனில். கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையின் முதலாளி ஜே. சி. யாகோப்சன் 1875-ல் ஓர் ஆய்வகம் தொடங்கினார். கண்டுபிடிப்பு எதையும் ரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் விதி. அங்கே வேதியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்த சோரன்சன்தான், என்சைம்களை ஆராயும்போது 1909-ல் பிஎச் அளவுகோலை உருவாக்கினார். அமிலத்தன்மையை நிலையாக வைத்துக்கொண்டு சோதனை செய்ய பாஸ்பேட், சிட்ரேட், போரேட் என்று பஃபர் கலவைகளையும் தயாரித்தார். இன்று மண் பரிசோதனை முதல் ரத்தப் பரிசோதனை வரை நாம் சொல்லும் பிஎச், ஒரு பியர் ஆலையின் கொடை.

சரி, மால்ட்டே ஒரு பஃபர் என்றால் பிஎச் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது? தண்ணீர்தான் காரணம். அதிலிருக்கும் பைகார்பனேட் அமிலத்தைத் தின்றுவிடும், பிஎச் ஏறும். கால்சியம் இதற்கு நேர் எதிர். மால்ட்டின் பாஸ்பேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகி, அமிலத்தை வெளியே தள்ளும். 1953-ல் ஜெர்மானியரான கோல்பாக் இதற்குக் கணக்கே போட்டுக் கொடுத்தார்: மூன்றரைப் பங்கு கால்சியம், ஒரு பங்கு காரத்தன்மையை ஈடுகட்டும் (இரண்டும் சமான அளவில்).

இந்தக் கணக்கெல்லாம் வருவதற்கு முன்பே ஊர்கள் தங்கள் தண்ணீருக்குத் தோதான பியரைக் கண்டுபிடித்துவிட்டன. பைகார்பனேட் மிகுந்த மியூனிக், கருநிற பியருக்குப் பேர்போனது. கருக வறுத்த மால்ட்டில் அமிலம் கூடுதல். உப்பே இல்லாத மென்னீர் கிடைக்கும் பில்சனில் 1842-ல் பொன்னிற பியர் பிறந்தது.

இப்போது அந்தப் பொடிக்கு வருவோம். எந்த பஃபருக்கும் அதன் பிகேஏ மதிப்பை ஒட்டித்தான் பலம். பாஸ்பேட்டுக்கு அது 2.1, அடுத்தது 7.2. மாஷுக்கு வேண்டிய 5.3 இரண்டுக்கும் நடுவே, பாஸ்பேட்டின் பிடி தளர்ந்த இடத்தில் இருக்கிறது! அந்த இடத்தில் மால்ட்டின் புரதங்களும் சேர்ந்துதான் சுமையைத் தாங்குகின்றன. ஒரு ஸ்பூன் பொடியால், கிலோக் கணக்கில் இருக்கும் மால்ட்டையும் கடின நீரையும் இழுத்துப் பிடிக்க முடியாது.

அதனால் விவரமானவர்கள் லாக்டிக் அமிலம் சில சொட்டு விட்டுத் தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்கிறார்கள், இல்லாவிட்டால் ஜிப்சம் சேர்க்கிறார்கள். பிஎச் பார்ப்பதும் வெறும் தண்ணீரில் அல்ல, மால்ட் ஊறிய மாஷில்தான். பொடி விற்பவர்கள் பஃபரை வெளியிலிருந்து கொண்டுவருகிறார்கள். ஃபெர்ன்பாக்கும் ஹூபெர்ட்டும் காட்டியதோ, அது ஏற்கெனவே பாத்திரத்துக்குள் இருக்கிறது என்பதை. தண்ணீர் அதற்கு இடைஞ்சல் செய்யாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.