பின்திரளும் பெட்டியும்: மேலைத் தேனீ வளர்ப்பில் திரள் பிரிதல் தடுப்பின் வரலாறு

முன்னுரை

வசந்த காலத்தில் வலுப்பெற்ற தேனீக் குடும்பம் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி புதிய இருப்பிடம் தேடி வெளியேறுவது திரள் பிரிதல் எனப்படும். முதல் திரள் சென்றதும் கூடு அடங்கிவிடும் என்பதற்கில்லை. ஏறக்குறைய ஒரு வாரத்திற்குப் பின் இரண்டாம் திரளும், சில வேளைகளில் மூன்றாம் திரளும் கிளம்பும். இவற்றைப் பின்திரள்கள் எனலாம். வைக்கோல் கூடைகளில் தேனீ வளர்த்த காலத்தில் திரள் வரவேற்கப்பட்டது என்றும், 19ஆம் நூற்றாண்டில் பெயர்த்தெடுக்கத்தக்க சட்டங்கள் கொண்ட பெட்டி வந்த பின்னரே அது தடுக்கப்பட வேண்டிய குறையாயிற்று என்றும் காலப்பகுப்புச் செய்வது பெருவழக்கு. இப்பகுப்பு முதல் திரளுக்கே பொருந்தும், பின்திரளுக்குப் பொருந்தாது.

கூடைக் காலம்

இங்கிலாந்தின் வைக்கோல் கூடைகளில் அடைகள் உட்சுவரோடு ஒட்டியிருந்தன. அடையை அறுக்காமல் தேன் எடுக்க இயலாது. எனவே கோடையின் இறுதியில், மிகுந்த எடையுள்ள கூடைகளைத் தேனுக்காகவும், குளிர்காலத்தைத் தாங்காத இலேசான கூடைகளை வீணாகாதபடியும் கந்தகப் புகைக்குழியின் மேல் வைத்து ஈக்களைக் கொன்றனர். நடுத்தர எடையுள்ளவை அடுத்த ஆண்டுக்கு எஞ்சின. கொல்லப்பட்ட கூடைகளின் இடத்தை நிரப்பியவை அடுத்த வசந்தத்தின் திரள்களே. ஆகவே திரள் அன்று விதைநெல்லுக்கு ஒப்பானது. பறந்து செல்லும் திரளைக் கண்ணில் படும் தொலைவில் பின்தொடரும்வரை அது உரியவருக்கே சொந்தம் என்று பிளாக்ஸ்டன் தம் சட்ட விளக்க நூலில் (1766) எழுத நேர்ந்ததும் இப்பொருளியல் மதிப்பினாலேயே. தட்டுமுட்டுப் பாத்திரங்களைத் தட்டி ஒலியெழுப்பியபடி திரளின் பின்னே ஓடும் வழக்கமும் இவ்வுரிமையை ஊரறியச் செய்வதற்குப் பயன்பட்டது.

ஆனால் இம்மதிப்பு முதல் திரளைச் சார்ந்தது. பின்திரள் அளவிற் சிறியது. அதனுடன் செல்லும் இளம் இராணி இன்னும் இணைசேராதது. பருவமும் பிந்திவிடுவதால் குளிர்காலத்திற்குப் போதிய தேனைச் சேர்ப்பது அரிது. மீண்டும் மீண்டும் பிரிந்த தாய்க்கூடும் அதே அளவு நலிந்துபோகும். ஆகவே கூடையின் அடியில் வைக்கோல் வளையம் சேர்த்து இடத்தைப் பெருக்குவதும், வெளியேறிய பின்திரளைத் தாய்க்கூட்டிலேயே திரும்பச் சேர்ப்பதும் கூடைக் காலத்திலேயே வழக்கில் இருந்தன. திரளைத் தடுக்கும் எண்ணம் பெட்டியோடு பிறந்ததன்று.

பின்திரளை முன்கூட்டி அறியும் முயற்சிக்கு, ஆம்ப்ஷயரில் பாதிரியாராக இருந்த சார்லஸ் பட்லரின் நூல் (1609) தக்க சான்று. கூட்டை ஆள்வது அரசன் அன்று, அரசியே எனத் தலைப்பிலேயே அறிவித்த அந்நூலில், பின்திரளுக்கு முன் கூட்டினுள் கேட்கும் இளம் இராணிகளின் குரலை அவர் இசைக்குறியீட்டில் பதிவு செய்தார். வெளியேற விடைவேண்டி இளவரசி தாயரசியிடம் மன்றாடுவதாக அவர் கொண்ட விளக்கம் பிழையானது. முதல் திரளுடன் செல்வது பழைய இராணியே என்பதைப் பார்வையிழந்த ஜெனீவா அறிஞர் பிரான்சுவா ஹூபர், தம் உதவியாளர் பியூர்னென்ஸின் கண்களைக் கொண்டு நிறுவி 1792இல் வெளியிட்டார். எனினும் விளக்கம் பிழைத்த இடத்தில் கவனிப்பு பிழைக்கவில்லை. அக்குரலைக் கேட்ட வளர்ப்பவர் ஓரிரு நாளில் அடுத்த திரளை எதிர்பார்க்கலாம்.

பெட்டிக் காலம்

லாங்ஸ்ட்ராத் 1852இல் காப்புரிமை பெற்ற பெட்டியில் சட்டங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்க்க முடிந்தது. தேனெடுக்கக் குடும்பத்தைக் கொல்ல வேண்டியதில்லை என்றான பின், முதல் திரளும் இழப்புக் கணக்கில் சேர்ந்தது. இங்குத் தோன்றிய முறைகளுட் பல வீட்டுப்புறத்தில் சில பெட்டிகள் வைத்திருந்தோரின் கைக்கு எட்டுவனவாக இருந்தன. சசெக்ஸின் பேக்டன் 1860களின் இறுதியில் வெளியிட்ட சிறுநூலின் தலைப்பே ஆண்டுக்கு 70 பவுண்டு வருவாயைப் பேசியது. பிடித்த முதல் திரளைத் தாய்க்கூடு இருந்த இடத்தில் குடியேற்றித் தாய்க்கூட்டை அப்பால் நகர்த்துவதே அவர் முறை. வயலுக்குச் சென்று திரும்பும் ஈக்கள் பெட்டியை அன்று, இடத்தையே நினைவிற் கொள்வதால் திரளுடன் சேர்ந்துவிடும். தாய்க்கூட்டில் மீண்டும் பிரிவதற்கு ஆள் இராது. மிச்சிகனின் ஹெடன் இதனை மேலும் கூர்மையாக்கினார். தாய்க்கூட்டை ஒரு வாரம் அருகிலேயே வைத்து, இளம் இராணிகள் வெளிவரும் தறுவாயில் நகர்த்தினார். முட்டையிலிருந்து இராணி வெளிவர 16 நாட்கள் ஆகும்; கண்ணறை மூடப்படும் 8ஆம் நாளையொட்டி முதல் திரள் கிளம்பும். இடைப்பட்ட ஒரு வாரமே ஹெடனின் கணக்கு.

இவ்விரண்டும் திரள் வெளிவந்தபின் செய்யும் மருந்து. கென்டக்கியின் டெமரி 1892இல் விளக்கிய முறையோ அதற்கு முந்தியே தொடங்குகிறது. இராணியை வெற்று அடைகளுடன் கீழறையில் விட்டு, அது நுழைய முடியாத துளைத்தகட்டின் மேல் தேனறையையும் அதற்கும் மேல் புழு அடைகளையும் ஏற்றினார். 21 நாட்களில் மேலேயுள்ள பணியீக்கள் அனைத்தும் பொரித்து, அவ்வறை தேன் சேர்க்கும் இடமாகும். இடையில் அங்கு எழும் இராணிக் கண்ணறைகளை அழிக்கத் தவறினால் பயனில்லை. இங்கிலாந்தின் ஸ்நெல்குரோவ் 1934இல் முன்வைத்த பல வாயில் பலகை இன்னும் நுட்பமானது. ஆனால் குறித்த நாளில் குறித்த வாயிலைத் திறந்து மூட வேண்டுவதால், ஓய்வுநேர வளர்ப்பாளரிடம் நாட்குறிப்பின் ஒழுங்கைக் கோரியது. அதன் சிறப்பைவிட இக்கோரிக்கையே அதன் பரவலை வரையறுத்தது எனலாம்.

இந்தியத் தேனீக்கு ஏற்பச் சிறிய பெட்டியை நியூட்டன் பாதிரியார் வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பயிற்சியளித்தார். இவ்வினம் எளிதில் பிரிவது, குடும்பமும் சிறியது. அறைமேல் அறை அடுக்கும் டெமரி முறைக்கு வேண்டிய ஈக்கூட்டம் அதனிடம் இல்லை. ஆகவே இராணிக் கண்ணறைகளை நீக்குவதும், வலுத்த குடும்பத்தைத் தானே பிரியுமுன் கையால் பிரித்து வைப்பதுமே இங்கு நிலைபெற்றன.