சீன அரசகுமாரன் என்னும் கனி

நோன்புக் காலத்து மாலைவேளையிலே கல்முனைக் கடைத்தெருவில் நடந்து செல்வோர், பழக்கடைகளின் முகப்பில் இருவகைப் பேரிப் பழங்களைக் காண்பதுண்டு. ஒன்று வெண்ணிற வலையுறை அணிந்து, பெட்டியிலே வரிசையாய் அமர்ந்திருக்கும்; சீன தேசத்திலிருந்து கப்பலேறி வந்தது. மற்றொன்று பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்து மலைச்சாரல்களிலிருந்து சாக்கிலே கட்டுண்டு லொறியில் வந்தது; தோல் தடித்தது; பசுமையும் கபிலமும் கலந்த நிறத்தது; கடித்தாற் பல்லிலே மணல்போல் நறநறப்பது. முன்னதை விருந்தினர்க்கென்று வாங்குவர். பின்னதை ‘நாட்டுப் பியர்ஸ்’ என்று சொல்லி ஒதுக்குவர்; அல்லது உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சிறுவர் கையிற் கொடுப்பர்.

ஆயினும் இவ்விரண்டும் ஒரே குலத்துப் பிள்ளைகள். இரண்டின் பூர்வீகமும் கிழக்காசியாவே. ஒன்று நேற்றுப் புறப்பட்டுக் கடல்வழியாக வந்தது. மற்றொன்றின் மூதாதையர் பல தலைமுறைகளுக்கு முன்னர்ப் புறப்பட்டு, மனிதர் கைமாறிக் கைமாறி மலையேறியவர். நாம் அயலான் என்று போற்றுவதும், நாட்டான் என்று இகழ்வதும் உண்மையில் யாரை என்பதை இந்தக் கனியின் வரலாறு தெளிவாக்கும்.

பேரி மரங்களிற் பெரும்பிரிவு இரண்டு. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் பயிராகும் பேரி ஒன்று. அது கழுத்து ஒடுங்கி, அடி பருத்துச் சுரைக்குடுவை போன்ற உருவினது. மரத்திலிருந்து பறித்து வைத்த பின்னரே கனிந்து வெண்ணெய்போல் இளகும். அரபு மொழி கற்றோர் ‘குமத்ரா’ என்று அறிவது இதனையே. மற்றையது கிழக்காசியப் பேரி. பெரும்பாலும் உருண்டை வடிவினது. மரத்திலேயே முதிர்ந்து உண்பதற்கு ஏற்றதாகும். பழுத்த பின்னும் மொறுமொறுப்பு மாறாது. சதையினுள்ளே கல்போலக் கடினமான நுண்ணணுக்கள் கலந்திருத்தலால் இதனை மணற்பேரி என்றும் வழங்குவர். இலங்கையின் மலைநாட்டிலும் தமிழ்நாட்டின் நீலகிரியிலும் ‘நாட்டுப் பேரி’ எனப்படுவன பெரும்பாலும் இந்த மணற்பேரியோ, அதன் கலப்பில் வந்தவையோ ஆகும்.

சீனத்திலே இம்மரத்தைப் பேணிய கலை மிகத் தொன்மையானது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில், வட வெய் அரசின் காலத்திலே வாழ்ந்த ஜியா சிசியே என்பவர் ‘சீமின் யாவோஷு’ என்னும் வேளாண்மைப் பெருநூலை இயற்றினார். அதிலே பேரியை ஒட்டுக்கட்டும் முறைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அவர் கூறும் செய்தி ஒன்று கருதத்தக்கது. ஒரு பேரிக் கனியிற் பத்து விதைகள் இருப்பின், அவற்றுள் இரண்டே பேரியாக முளைக்கும். எஞ்சியவை காட்டுமரமாய்த் திரும்பிவிடும் என்கிறார். எண்ணிக்கை எவ்வாறாயினும், கருத்து இன்றைய விஞ்ஞானத்திற்கும் உடன்பாடே. பேரி தன் மகரந்தத்தாற் பெரும்பாலும் காய்ப்பதில்லை; வேறொரு வகையின் மகரந்தம் வேண்டும். ஆதலால் ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. தாய்மரத்தின் சுவையை அது அப்படியே கொண்டு வருவதில்லை. நல்ல மரமொன்றின் குணம் நிலைக்க வேண்டுமாயின், அதன் கொம்பை வெட்டி வேறோர் அடிமரத்தில் ஒட்டுக்கட்டுவதே வழி. அதாவது, ஒரு பேரி வகை விதையினால் வாழ்வதன்று. மனிதன் கையினால் வாழ்வது.

இம்மரம் பாரத நாட்டிற்கு வந்ததுபற்றிச் சுவையான மரபுச் செய்தி ஒன்றை யுவான் சுவாங் குறித்துள்ளார். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவெங்கும் யாத்திரை செய்த அச்சீனத் துறவி, பஞ்சாப் பகுதியிலே சீனபுக்தி என்னும் இடத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கிக் கல்வி பயின்றார். அவ்விடத்திற்கு அப்பெயர் வாய்த்த காரணத்தையும் கேட்டறிந்தார். குஷாண மன்னன் கனிஷ்கனின் வலிமைக்கு அஞ்சி, மஞ்சள் ஆற்றுக்கு மேற்கேயிருந்த சிற்றரசர் தம் மக்களைப் பிணையாக அனுப்பினராம். கனிஷ்கன் அவர்களைச் சிறையிலிடாது, விருந்தினராகவே நடத்திப் பருவத்துக்கொரு வாழிடம் வகுத்தான். குளிர்காலத்தில் அவர்கள் தங்கிய நிலமே சீனபுக்தி எனப்பட்டது. அதற்கு முன்னர் அந்நாட்டிலே பேரியும் இல்லை, பீச்சும் இல்லை. பிணையாக வந்தவரே அவற்றை நட்டனர். எனவே மக்கள் பீச்சினைச் ‘சீனனி’ என்றும், பேரியைச் ‘சீனராஜபுத்திரம்’, அதாவது சீன அரசகுமாரன் என்றும் வழங்கினர்.

கனிஷ்கனுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பின்னர் எழுதப்பட்ட குறிப்பு இது. ஆதலால் இதனைச் சரித்திரச் சான்றென்று முற்றாக ஏற்றல் பொருந்தாது. ஆயினும், ஊரார் ஒரு மரத்திற்கு இட்ட பெயரிலே, அது வந்த திசையும் கொணர்ந்தவரின் நிலையும் பதிந்திருந்தன என்பது உறுதி. தொல்பொருள் ஆய்வாளர் கன்னிங்ஹாம், சீனபுக்தியை அமிர்தசரசுக்குத் தெற்கேயுள்ள பட்டி என்னும் ஊரோடு பொருத்திக் கூறினார். அமிர்தசரசைச் சூழ்ந்த பகுதிகளில் இன்றும் ‘பத்தர்நாக்’ என்னும் பேரி பயிராகிறது. பத்தர் என்றாற் கல். கல்லைப் போன்ற பேரி என்பது பொருள். அதுவும் மணற்பேரியே. தாயகம் விட்டு, பெற்றோர் முகம் காணாது பிணையாக வாழ்ந்த இளைஞர்கள், தாம் உண்டு வளர்ந்த கனியை அயல் மண்ணிலே நட்டனர் என்னும் கதை, மனித இயல்புக்கு எத்துணை இசைந்தது!

ஒட்டுக்கட்டும் கலையை மேற்குத் திசையிலே வளர்த்தவருள் முஸ்லிம் அறிஞர்க்குச் சிறப்பான இடம் உண்டு. 12ஆம் நூற்றாண்டிலே ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம் இயற்றிய ‘கிதாபுல் பிலாஹா’ என்னும் வேளாண்மை நூல், 585 தாவரங்களைப் பற்றியும், ஐம்பதுக்கு மேற்பட்ட கனிமரங்களின் வளர்ப்பைப் பற்றியும் கூறுகிறது. ஒட்டுக்கட்டுதல் அதிலே விரிவாக ஆராயப்பட்டுள்ளது. கிழக்கிலே ஜியா சிசியேயும் மேற்கிலே இப்னுல் அவ்வாமும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் இருவரும் காத்தது ஒரே கலை.

இனி இலங்கைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேயர் நுவரெலியாவின் குளிரைக் கண்டு, தம் நாட்டுக் கனிகளெல்லாம் அங்கே விளையும் என்று நம்பினர். நடந்தது வேறு. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தம் நூலிலே அதனை விளக்கியுள்ளார். பீச்சு முதலிய ஐரோப்பிய மரங்கள் இங்கே செழித்து வளர்ந்தன. ஆனால் இலையுதிர்க்க மறந்தன. ஓயாத வேனில் அவற்றை என்றும் பசுமையாக வைத்திருந்தது. உறக்கமில்லாத மரம் களைத்துப்போயிற்று. கனியை முதிரச் செய்யும் வலுவை இழந்தது.

இதற்கு மாற்று வழியும் அந்நூலிலே காணப்படுகிறது. அதுவும் தமிழர் வாழும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த செய்தி. அங்கே அரசாங்க அதிபராயிருந்த டைக் என்பவர் வளர்த்த முந்திரிகைக் கொடிகளும் இவ்வாறே காய்க்க மறுத்தன. அவர் கொடிகளின் வேரைச் சூழ்ந்த மண்ணை அகற்றி, வேர்களை வெயில் படும்படி திறந்து வைத்தார். சாறோட்டம் தணிந்தது, கொடிக்கு ஓய்வு கிடைத்தது, பின்னர்க் குலை தள்ளியது. பனியில்லாத நாட்டிலே மனிதன் தன் கையால் ஒரு மாரியைப் படைத்தான் எனலாம்.

பேரிக்கும் இந்த உறக்கமே உயிர்நிலை. ஐரோப்பியப் பேரியிற் பல வகைகள், 7 பாகை செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட குளிரை ஓராண்டில் 1,000 மணி நேரத்தளவு வேண்டுவன. மணற்பேரியின் சில வகைகளுக்கோ அத்துணைக் குளிர் வேண்டியதில்லை. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 4,000 அடி மேலேயுள்ள பண்டாரவளை போன்ற ஊர்களில் ஐரோப்பிய மரம் திகைத்து நின்றபோதும், கிழக்காசிய மரம் காலூன்றிய காரணம் இதுவே. வெப்பமண்டல மலைகளிலே தோட்டக்காரர் இலைகளைக் கையால் உருவியும், கிளைகளை வளைத்துக் கட்டியும் மரத்தை உறக்கத்திற்கும் பூப்பிற்கும் தூண்டுவர். டைக் செய்ததும் இவர்கள் செய்வதும் ஒரே தத்துவம்.

அமெரிக்காவிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. பிலடெல்பியா நகர்ப்புறத்திலே பீட்டர் கீபர் என்பவர் விதைத்த சீன மணற்பேரி விதையிலிருந்து, ஐரோப்பியப் பேரியின் கலப்புடைய புது மரம் ஒன்று தோன்றிக் கனி தந்தது. அந்தக் கீபர் பேரி வெப்பத்தைத் தாங்குவதாகையால் பல நாடுகளுக்கும் பரவி, நீலகிரிக் குன்னூர்த் தோட்டங்கள் வரை வந்து சேர்ந்தது.

கல்முனைக் கரையிலே இம்மரம் வளராது. அங்கு இரவிற்கூட வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. தென்னையும் மாவும் கொய்யாவும் மரமுந்திரிகையும் ஆளும் மண் அது. ஆனால் மரம் வளராத ஊருக்கும் அம்மரத்தின் கதையிலே பங்கு உண்டு. பண்டாரவளையிலிருந்து பெரகலைக்கு இறங்கி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில், அக்கரைப்பற்று வழியாகக் கல்முனைக்கு வரும் பாதை, இன்றைய லொறிகளுக்கு முன்னரே மலையையும் கடலையும் இணைத்த திசைவழி. போர்த்துக்கேயரால் மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களை, கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் என்பர் வரலாற்றாசிரியர். முன்னரே வாழ்ந்தவரோடு அவர்களும் இணைந்து உழவும் வாணிகமும் செய்தனர். தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றிச் சென்று, மலைநாட்டுப் பண்டங்களோடு இறங்கின. மலையில் விளைவதைக் கரையில் விற்றுக் கொடுத்த கையும், கரையில் விளைவதை மலையில் வாங்கிய கையும் இல்லையேல், இரு நிலமும் வறியனவாயிருக்கும்.

இப்பொழுது அந்தப் பழைய உறவே சோதனைக்கு உள்ளாகிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே அந்நியச் செலாவணி வற்றி, இறக்குமதிப் பழங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. வலையுறை அணிந்த கனி அரிதானபோது, சாக்கிலே வந்த கனி யார் கண்ணுக்கும் இனித்தது. கட்டுப்பாடு தளர்ந்ததும் பழைய மனப்பான்மை திரும்பிற்று. விலை கிடையாத மரத்தை மலைத் தோட்டக்காரர் எத்தனை காலம் வைத்திருப்பர்? மரத்தைத் தறித்து மரக்கறிப் பாத்தி கட்டினால் மூன்று மாதத்திற் பணம் காணலாம். அதிலே அவரைக் குறைகூறுதல் நியாயமன்று. ஆனால் வயது முதிர்ந்த பேரி மரம் ஒன்று, ஒட்டுக்கொம்பு எடுக்கப்படாமலே வீழுமாயின், இம்மண்ணின் மழைக்கும் வெயிலுக்கும் பல்லாண்டு பழகிய ஒரு வகையே அதனோடு முடிந்துபோம். விதை அதனை மீட்டுத் தராது.

ஜப்பானிலே நடந்தது இதற்கு நேர்மாறான கதை. 1888இல் மட்சுடோ என்னும் ஊரிலே, 13 வயதுச் சிறுவன் ஒருவன் குப்பைமேட்டில் முளைத்திருந்த பேரிக் கன்றைக் கண்டான். பிறர் மிதித்துச் சென்ற கன்றை அவன் பெயர்த்து நட்டான், பத்தாண்டுகள் காத்திருந்தான். அதன் கனியின் சுவை நாட்டையே வியப்பித்தது. ‘இருபதாம் நூற்றாண்டு’ என்னும் பொருளுடைய ‘நிஜிசெய்கி’ என்று அதற்குப் பெயரிட்டனர். தாய்மரம் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலே காயமுற்று, 1947இற் பட்டுப்போயிற்று. ஆயினும் நிஜிசெய்கி இறக்கவில்லை. அதற்கு முன்னரே அதன் கொம்புகள் ஆயிரமாயிரம் மரங்களில் ஒட்டுக்கட்டப்பட்டிருந்தன.

குப்பைமேட்டுக் கன்றை ஒரு நாட்டின் பெருமையாக்கியது மண்ணன்று. ஒரு சிறுவனின் கவனமும் ஒட்டுக்கட்டியவர் கைகளுமே. மலைச்சாரலிலே ஒரு பழைய மரத்திலிருந்து ஒட்டுக்கொம்பு வெட்டி எடுக்க ஒரு காலைப்பொழுது போதும். அது தோட்டக்காரர் கடன். அவர் அக்கடனைச் செய்வதற்குக் காரணமொன்று வேண்டும். அந்தக் காரணத்தைக் கொடுக்க வல்லவர் கரையோரத்து மக்கள். நோன்பு திறக்கும் தட்டிலே பேரீச்சம் பழத்தின் அருகே, மலைநாட்டுப் பேரியின் நான்கு துண்டுகளையும் வைத்தால், அது நட்டத்துக்கு வாங்கிய பண்டமாகாது. பிணையாக வந்து, பெயர் பெற்று, கல்லென்று இகழப்பட்டும் மண்ணைவிட்டு நீங்காத அந்தச் சீன அரசகுமாரனுக்கு அளிக்கும் விருந்தாகும்.