ஓர் இசைத்தட்டின் பாடபேதங்கள்

ஒரு நூலின் பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காண்பது புலவர்க்குரிய தொழில். அத்தொழிலை இசைத்தட்டு சேகரிப்போரும் செய்து வருகின்றனர் என்பதைப் பலர் அறியார். பழைய தட்டு, பழைய பாட்டு, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று வினவுவோர்க்கு, இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' என்னும் ராக் இசைத்தட்டொன்றே போதிய விடையாகும்.

பெயர் ஒன்றாயினும் நாட்டுக்கு நாடு அது வேறுபட்டது. இங்கிலாந்துத் தட்டில் மஞ்சளும் கறுப்புமான பார்லபோன் லேபிள். அமெரிக்கத் தட்டில் வானவில் விளிம்புடைய கேப்பிட்டல் லேபிள். இது கண்ணறிந்த பேதம். செவியறியும் பேதமும் உண்டு. இங்கிலாந்துத் தட்டில் கடைசிப் பாட்டு ஓய்ந்ததும் நொடிக்கு 15,000 அதிர்வுடைய கீச்சொலி ஒன்று எழும். நாய்க்குக் கேட்கும், முதியோர் பலருக்குக் கேளாது. அதன்பின் உள்வட்டத்தில் பொருளற்ற பேச்சொலி, முள்ளைக் கையால் எடுக்கும்வரை சுழன்றுகொண்டே இருக்கும். 1967ஆம் ஆண்டின் அமெரிக்கத் தட்டில் இவ்விரண்டும் இல்லை.

மோனோ பதிப்பின் ஒலிக்கலவைக்குக் குழுவினர் தாமே உடனிருந்தனர். ஸ்டீரியோவோ விரைந்து முடிக்கப்பட்டது. 'ஷீஸ் லீவிங் ஹோம்' என்னும் பாட்டு மோனோவில் சற்று விரைவாகவும் உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கும். மூலம் எது என்று கேட்டால், குழுவினர் செவிகொடுத்த மோனோவையே நான் சொல்வேன்.

கையெழுத்துப் பிரதியின் இறுதியில் நகலெடுத்தவர் தம் பெயரையும் ஆண்டையும் குறித்து வைப்பதுபோல், இ.எம்.ஐ. நிறுவனத்தின் தட்டுகளிலும் லேபிளைச் சுற்றிய வெற்றிடத்தில் நுண்ணிய குறிகள் உண்டு. 'கிராமபோன் லிமிடெட்' என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தில் பத்து எழுத்துகள். முதலெழுத்தாகிய 'ஜி' 1, அடுத்த 'ஆர்' 2. இவ்வாறே சென்று கடைசி எழுத்து 0 ஆகும். 'ஜி', 'எம்' என்று பொறித்திருந்தால் 14ஆம் அச்சுத்தகட்டில் பிறந்த தட்டு அது. எண் சிறிதாயின் விலை பெரிது!

மலேசியா, ஹாங்காங் முதலிய கிழக்கு நாடுகளுக்கான பதிப்பின் கதை விசித்திரமானது. போதைப்பொருளைச் சுட்டுவன என்ற ஐயத்தால் மூன்று பாடல்கள் நீக்கப்பட்டு வேறு மூன்று இடம்பெற்றன. அவற்றுள் 'தி ஃபூல் ஆன் தி ஹில்' 1967 நவம்பரில்தான் முதன்முதலாக வெளிவந்தது. ஆகவே இப்பதிப்பு அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. தட்டில் ஆண்டு இல்லாவிடினும் பாட்டே காலத்தைக் காட்டிக் கொடுக்கிறது. மாற்றாக வந்த மற்றொன்று 'ஐ ஆம் தி வால்ரஸ்'. அதுவும் பி.பி.சி. வானொலி ஒலிபரப்ப மறுத்த பாட்டுத்தான்! தணிக்கை செய்தோர் அதனைச் செவிமடுத்துத்தான் தேர்ந்தார்களா என்பது ஐயமே. குறைபட்ட அத்தட்டையே இன்று சேகரிப்போர் தேடி அலைகின்றனர்.

உறையினுள் ஓர் அட்டையும் இருந்தது. மீசை, தோள்பட்டைக் கோடு, சின்னங்கள் என்று சிறுவர் வெட்டி அணிந்து மகிழ அச்சிட்டது. கத்தரி படாத அட்டைக்கே இன்று மதிப்பு. செய்தோரின் கருத்தை நிறைவேற்றிய பிள்ளையின் பிரதி மலிவாகப் போகிறது. இவ்வழக்கை நான் ஒப்பவில்லை.

பீட்டர் பிளேக், ஜான் ஹாவர்த் தம்பதியர் அமைத்த மேலுறைப் படத்தில் புகழ்பெற்றோர் பலர் அணிவகுத்து நிற்கின்றனர். அக்கூட்டத்தில் காந்தியடிகளின் உருவமும் முதலில் வைக்கப்பட்டிருந்தது. இந்தியாவில் மனவருத்தம் எழும் என்று அஞ்சிய இ.எம்.ஐ. தலைவர் ஜோசப் லாக்வுட் அதனை எடுத்துவிடச் சொன்னார். கல்கத்தாவையடுத்த டம்டமில் அந்நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். இந்தியாவுக்கென்று தனி உறை அச்சிடவில்லை. உலகம் முழுமைக்குமான உறையிலிருந்தே அவ்வுருவம் மறைந்தது. எத்தனை நாட்டுப் பிரதிகளைப் பரப்பி வைத்து ஒப்பிட்டாலும் இப்பேதம் அகப்படாது. அன்று படப்பிடிப்பில் எடுத்து, அச்சேறாமல் எஞ்சிய நிழற்படங்களிலேதான் காந்தியடிகள் நிற்கிறார்.