வெள்ளை வண்ணம் அளித்த சாட்சியம்

பழைய ஓவியம் ஒன்று உண்மையானதா, போலியா என்பதை எவ்வாறு அறிவது? கலை வல்லுநர் பார்த்துச் சொல்வார் என்பீர்கள். வல்லுநரின் கண்ணே ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? ஹாலந்து நாட்டில் அப்படி நேர்ந்தது. அங்கே ஒரு மனிதரின் தேசத் துரோக வழக்கு, வண்ணங்களைப் பற்றிய ஆராய்ச்சியால்தான் முடிவுக்கு வந்தது.

டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த வெர்மீர் (1632–1675) புகழ்பெற்ற ஓவியர். அவர் வரைந்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ முப்பத்தைந்துதான். 1945ஆம் ஆண்டு மே மாதம், ஹான் வான் மீகெரன் என்னும் ஓவியர் கைது செய்யப்பட்டார். வெர்மீரின் ஓவியம் ஒன்று நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்குப் போய்ச் சேரக் காரணமாக இருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவரோ, “அது வெர்மீர் வரைந்ததன்று, நானே வரைந்த போலி” என்றார். அதோடு நிற்கவில்லை. 1937இல் பிரெடியஸ் என்ற கலை அறிஞர் வெர்மீரின் தலைசிறந்த படைப்பு எனப் போற்றிய ‘எம்மாவு சீடர்கள்’ ஓவியமும் தன்னுடையதே என்றார்!

போலி உருவான விதம்

எண்ணெய் வண்ணத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகும். முழுவதும் கெட்டிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். புதிய வண்ணத்தைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தால் கரைந்து வரும்; பழையது எளிதில் கரையாது.

இதை மீகெரன் அறிவார். ஆகவே எண்ணெய்க்குப் பதிலாக, பேக்கலைட் வகையைச் சேர்ந்த ஃபீனால்-ஃபார்மால்டிஹைடு பிசினைப் பயன்படுத்தி, ஓவியத்தை அடுப்பில் சூடேற்றினார். வண்ணம் கல்போல் இறுகிற்று. பதினேழாம் நூற்றாண்டின் பழைய துணியையே தேடி வாங்கினார். நீல நிறத்திற்கு, வெர்மீரைப் போலவே, லாபிஸ் லாசுலி என்னும் விலையுயர்ந்த கல்லை அரைத்த பொடியைக் கொண்டார்.

ஆயினும் கோர்மான்ஸ் என்ற வேதியியலறிஞரின் தலைமையில் ஆராய்ந்த குழு, சில ஓவியங்களில் அந்தப் பிசினையும் கோபால்ட் நீலத்தின் சுவட்டையும் கண்டுபிடித்தது. இந்த நீலத்தைத் தெனார் உருவாக்கியது 1802இல். பேக்கலைட் தோன்றியது 1907இல். 1675இல் இறந்த வெர்மீர் இவற்றைத் தொட்டிருக்க முடியுமா? துரோகக் குற்றம் நீங்கி, மோசடிக்காக மீகெரனுக்கு 1947 நவம்பரில் ஓராண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அடுத்த மாதமே அவர் இறந்துபோனார்.

கதிரியக்கக் கடிகாரம்

‘எம்மாவு சீடர்கள்’ போலி என்பதைப் பலர் ஏற்கவில்லை. 1968இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்டு கீஷ் இதற்கு விடை கண்டார். அவர் ஆராய்ந்தது வெள்ளை வண்ணத்தை.

ஓவியர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை, ஈயத்திலிருந்து செய்யப்படுவது. ஈயத்தாதில் சிறிதளவு ரேடியம்-226 இருக்கும். அது சிதைந்து, இடைநிலைகள் பலவற்றைக் கடந்து, கதிரியக்கமுள்ள ஈயம்-210 ஆகிறது. தாதை உருக்கும்போது ரேடியத்தின் பெரும்பகுதி கசடோடு போய்விடும். ஈயம்-210 மட்டும் ஈயத்தோடு தங்கிவிடும். அதன் அரை ஆயுள் 22 ஆண்டுகள். ஆகவே அது விரைந்து குறைந்து, இறுதியில் எஞ்சிய ரேடியத்தின் அளவோடு சமநிலை அடையும். பழைய ஓவியத்தில் இவ்விரண்டின் சிதைவு வீதமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

கீஷ் ஈயம்-210இன் வீதத்தை அதிலிருந்து தோன்றும் பொலோனியத்தின் வாயிலாக அளந்தார். வெர்மீரின் ‘லேஸ் பின்னும் பெண்’ ஓவியத்தில், ஒரு கிராம் ஈயத்திற்கு நிமிடத்திற்குப் பொலோனியம் 1.5, ரேடியம் 1.4 சிதைவுகள். ‘எம்மாவு சீடர்கள்’ ஓவியத்திலோ பொலோனியம் 8.5, ரேடியம் 0.8!

மாணவர்களே, நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 300 ஆண்டுகளில் ஈயம்-210 ஏறத்தாழ 12,700இல் ஒரு பங்காகக் குறையும். மிகுதியாக உள்ள 7.7ஐ இவ்வெண்ணால் பெருக்கினால், தொடக்கத்தில் நிமிடத்திற்கு 98,000 சிதைவுகள் இருந்திருக்க வேண்டும். சாதாரண ஈயத்தாதில் இது நடவாது. எனவே ஓவியம் புதியதே.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இம்முறை, வண்ணம் பழையதா புதியதா என்று மட்டுமே சொல்லும். வரைந்தவர் வெர்மீரா, அவர் காலத்து வேறொருவரா என்பதைக் கலை அறிஞரே ஆராய வேண்டும். அவருடைய கண்ணுக்கு அறிவியல் ஒரு துணை.