தபசு காலமும் அம்மாவின் பாவசங்கீர்த்தனமும்

இப்போது எல்லாரும் தவக்காலம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது தபசு காலம். சாம்பல் புதன், விபூதிப் புதன். உபவாசத்துக்கு ஒருசந்தி என்றும், கறி தொடாமல் இருப்பதற்குச் சுத்தபோசனம் என்றும் பெயர். சேரம்பாடியில் என் வயதுக் கத்தோலிக்கர்களிடம் இந்த வார்த்தைகளைச் சொன்னால் முகம் மலரும். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் விழிப்பார்கள்.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் 5 பேர். 1973-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். எங்களைப் போன்றவர்களுக்காக 1968-ல் அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் திட்டம் அது. பிறகு டான்டீ ஆனது. எனக்கு அப்போது 11 வயது.

மறு வருஷம் வந்த தபசு காலத்தைத்தான் சொல்ல வருகிறேன். பனிக்காலம் முடியாத மாசி மாதம். கொழுந்து குறைவு, கைக்காசும் குறைவு. ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் 1966-லேயே ஒருசந்தியை விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டு நாளாகச் சுருக்கிவிட்டார். அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரே வேளைச் சாப்பாட்டோடு மலையேறிக் கொழுந்து பறித்துவிட்டு, சாயங்காலம் உபதேசியார் நடத்தும் சிலுவைப் பாதைக்கும் வந்து முழங்காலில் நிற்பார். 14 ஸ்தலத்துக்கும் எழுந்து எழுந்து முழங்காலிடுவார். எனக்கோ 5-ம் ஸ்தலத்திலேயே கால் கடுத்துவிடும்.

சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் எங்கள் பக்கம் வருவார். மலையாளி. இங்கே அது அதிசயம் இல்லை, சோலாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் வயநாடுதானே. 1955-ல் ஊட்டி மறைமாவட்டம் உண்டானபோது முதல் ஆயராக வந்த அந்தோணி படியறாவும் மலையாளிதான். எங்கள் சாமியாரின் தமிழ் பூசைக்குப் போதும். பாவசங்கீர்த்தனத்துக்குப் போதுமா என்பதுதான் லயத்துப் பெண்களின் கவலை.

அம்மா அந்த வருஷம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. என்ன நடந்தது என்பதைப் பல வருஷம் கழித்து, நான் வாத்தியாராகி, எனக்கும் பிள்ளைகள் பிறந்தபிறகுதான் சொன்னார். சாமியார்தான் வெளியே சொல்லக்கூடாது, சொன்னவர் சொல்லலாமே.

எனக்கு முன்னால் பிறந்து, 8 மாதத்தில் காய்ச்சலில் போன அண்ணன் ஒருவன் உண்டு. அவனை அங்கே தோட்டத்திலேயே அடக்கம் செய்திருந்தார்கள். அந்தக் குழியை அனாதையாக விட்டுவிட்டு வந்தது பாவம் என்று அம்மாவின் மனதில் ஊறிக்கிடந்தது. அதைத்தான், "பிள்ளைய அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன் சாமி" என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அதுதான் தொந்தரவு. உயிரோடு இருக்கிற பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய் என்று நினைத்து, கண்டித்து, கடிதம் போட்டு வரவழைத்துக்கொள் என்று புத்தி சொல்லி அனுப்பிவிட்டார்.

ஓய்வுபெற்றபின் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். பழைய வியாதிதான் இது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொண்டுதான் தமிழில் ஜெபங்களைத் தயாரித்தார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று வைத்துவிட்டார்கள். கடற்கரை முழுக்க ஜனங்கள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1544-ல் சவேரியாரே தன் துணைவருக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொன்னார். ஜெபத்தைத் திருத்தக் கடிதம் போதும். பாவசங்கீர்த்தனத்தை என்ன செய்வது? துபாஷியை நடுவில் வைத்துக்கொள்ளத் திருச்சபைச் சட்டம் இன்றைக்கும் அனுமதிக்கிறது. அந்தத் துபாஷியும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனால் அடுத்த லயத்து உபதேசியாரை நடுவில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் மனம் திறப்பாள்?

சவேரியாருக்குப் பின்னால் வந்த என்ரிக்கே பாதிரியார் இதற்குக் கண்ட வழி, தானே தமிழ் படிப்பது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கரையில் இருந்து 1600-ல் இறந்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானது பலருக்கும் தெரியும். அடுத்த வருஷம் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1580-ல், அதே கொச்சியில், பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லும் 'கொம்பெசியொனாயரு'. தமிழ் எழுத்தில் அச்சு தொடங்கி இரண்டே வருஷத்தில், மனுஷர் தன் குற்றத்தைத் தன் பாஷையில் சொல்ல ஒரு புத்தகம்! வேதாகமம் முழுசாகத் தமிழில் அச்சாவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது இது. இதைப் படித்த அன்றைக்கு அம்மா உயிரோடு இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

அம்மா புத்தகம் எதுவும் படித்தவர் இல்லை. அடுத்த மாதம் சாமியார் வந்தபோது மறுபடியும் வரிசையில் போய் நின்றார். பெரிய வாரத்துக்கு முந்திய பூசை. பாஸ்கு காலத்தில் பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டளையை அந்தக் காலத்தில் யாரும் மீறமாட்டார்கள், கூட்டம் நெரியும். முறை வந்ததும் வேறு ஒன்றும் சொல்லாமல், "அந்தப் பிள்ளை மண்ணுக்குள்ள இருக்கு சாமி" என்றாராம்.

சாமியார் வெகுநேரம் பேசவில்லை. பின்னால் நின்றவர்கள் இருமத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில், "ஞானஸ்நானம் கொடுத்ததா?" என்று கேட்டார். "எட்டாம் நாளே கொடுத்தாச்சு." "அப்ப அவன் சம்மனசு. அவனுக்குப் பூசை வேண்டாம். நாளைக்கு உனக்காக வைக்கிறேன்" என்றார். அபராதம் ஒன்றும் விதிக்கவில்லை. மறுநாள் காலைப் பூசையை முடித்துக்கொண்டு அம்மா பெரட்டுக்குத் தாமதமாகப் போனார். அன்றைக்கு அரைப்பேர்தான் விழுந்தது.

அம்மா இப்போது சேரம்பாடிக் கல்லறையில் இருக்கிறார். அண்ணனின் குழி இருந்த தோட்டத்துக்கு நான் இதுவரை போனதில்லை. இந்த விபூதிப் புதனன்று, போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை என் நெற்றியில் பூசி, மண்ணிலிருந்து வந்தவன் என்பதை நினைவூட்டினார் இப்போதைய சாமியார். நல்ல தமிழ் பேசுகிறார். வீட்டுக்கு வரும் வழியில் கல்லறையில் 2 மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். காற்றில் ஒன்று அணைந்தது. மறுபடியும் ஏற்றினேன்.