பேயோட்டிய பாவைகள்

கீழை ஐரோப்பிய யூதர்களிடையே, பூரிம் பண்டிகையன்று விதூஷகர்கள் வீடுதோறும் புகுந்து எஸ்தர் ராணியின் சரித்திரத்தைக் கோமாளிக் கூத்தாக நடித்துக் காசு பெற்றுச் செல்லும் வழக்கம் பன்னெடுங்காலமாக நிலவிவந்தது. அந்த ஹாஸ்ய மரபை இத்திஷ் மொழி பேசும் கைப்பாவைகளிடம் ஒப்படைத்து நியூயார்க் நகரையே சிரிக்கவைத்தவர்கள், ஸூனி மாவுத், யோஸல் கட்லர் என்னும் இரு கேலிச்சித்திரக்காரர்கள். நாடக சபை ஒன்றுக்காகத் தாங்கள் செய்த பொம்மைகள் மேடையேறாமற் போகவே, அவற்றைக் காப்பிக் கடைகளில் நண்பர்களுக்கு ஆட்டிக் காட்டி, அந்த உற்சாகத்திலேயே 1925-இல் 'மோதிகட்' அரங்கத்தைத் தொடங்கினர். வேண்டாமென்று தள்ளிய சபைக்குக் கலையுலகம் நன்றி சொல்லத்தான் வேண்டும்!

நாட்டார் ஐதிகங்களை ஊரூராகத் திரட்டிய ஆன்-ஸ்கி எழுதியதும், இறந்த காதலனின் ஆவி மணப்பெண்ணின் தேகத்திற் புகுவதைச் சொல்வதுமான 'திபுக்' நாடகம் அக்காலத்தில் சபைக்குச் சபை ஆடப்பட்டது. அதையே மோதிகட் பாவைகளும் கேலிக்கூத்தாக ஆடின. சுட்டுவிரல் தலையை ஆட்ட, பெருவிரலும் நடுவிரலும் கைகளை விரிக்க, ஆவியோட்டும் குருமார் திரைக்கு மேலே குதித்தபோது, பரிகாசத்துக்கு இலக்கானது பழங்கதையன்று. அதை ஓயாது மேடையேற்றிய பெரிய சபைகளின் ஆடம்பரமே.

ஐரோப்பாவிலும் சோவியத் நாட்டிலும் வலம்வந்த பின் 1933-இல் இருவரும் பிரிந்தனர். 'திபுக்' கதையைப் பொருளாதார மந்தத்தின் மீது ஏவிய கட்லர், 1935-இல் மோட்டார் விபத்தில் மாண்டார்.